பெட்டிக்குள் இருந்த ஊரும் அதன் நிறைகுறைகளும்

அந்த ஊரில் ஒரு கொல்லன் இருந்தான். எப்போது போனாலும் இரும்பை அடித்துக்கொண்டே இருப்பான். ஒரு தடவையாவது ஒரு அரிவாளை முடித்து ஓரமாக வைத்து நான் பார்த்ததில்லை. நானும் தொழில் செய்கிறவன். எனக்கு அது பொறுக்கவில்லை.

“எப்ப தாயி அந்த அருவாள முடிப்பான்?” என்று என் மகளிடம் கேட்டேன்.

“முடிக்க மாட்டான்ப்பா. அவனுக்கு அடிக்கதுக்கு மட்டுந்தான் சொல்லிக் குடுத்திருக்கு.”

அவள் வாயிலிருந்து ஒரு முழு வாக்கியம் வந்து மாதக்கணக்காகியிருந்தது. கேட்டதற்குத் தலையாட்டுவாள், அவ்வளவுதான். அதனால் கொல்லனை நான் லேசில் விடவில்லை. அன்றிலிருந்து அவள் விளையாடுகிற டிவிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அவனையும் அவன் ஊரையும் அந்த ஊரைக் கட்டிய மகராசன்களையும் வாய் ஓயாமல் திட்டினேன். திட்டினால் அவளிடமிருந்து பதில் வரும். எனக்கு அது போதும்.

எங்களுக்கு ராஜபாளையம். வீட்டை ஒட்டியே தறி ஷெட். ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற பேண்டேஜ் துணி நெய்கிறோம். ஒரே மகளை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக் கொடுத்தோம். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து செத்த நேரம் கண்ணசந்தால் வந்துவிடும் ஊர், நினைத்தால் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று அப்போது எனக்கு ஒரே பெருமை. தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். வளைகாப்பு வளையல்கள் கையில் கிடக்கும்போதே, நாள் நெருங்கிய சமயத்தில், வயிற்றில் அசைவு நின்றுபோயிற்று. போன வருடம் ஆயுத பூஜை முடிந்த கையோடு நடந்தது. பெண் குழந்தை.

அவளுக்குக் காட்ட வேண்டாம் என்று பெரியவர்கள் எல்லாரும் சொன்னார்கள். பார்த்தால் மறக்க மாட்டாளாம். பச்சைப் பிள்ளையை எங்களில் எரிப்பதில்லை, புதைப்பதுதான். பெண்கள் அங்கே வருவதுமில்லை. மகள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மயக்கத்தில் கிடந்தாள். மாப்பிள்ளையும் நானும் மட்டும் ஊருக்கு மேற்கே ஓடைக்கரைக்குக் கொண்டு போனோம். சுற்றுவதற்கு நல்ல துணி வாங்க நேரமில்லை. ஷெட்டிலிருந்து எங்கள் தறித் துணியையே கிழித்து எடுத்துப் போனேன். புண்ணுக்குக் கட்ட நெய்த துணி, மெல்லியது, உள்ளே இருப்பது தெரியும். நானே குழி வெட்டினேன். மூடியதும் மேலே அடையாளம் எதுவும் வைக்கக்கூடாது, திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும், பார்த்தால் அடுத்த பிள்ளை தங்காது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். சொன்னபடியே செய்துவிட்டு வந்தோம்.

பொறவு அவள் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். மாப்பிள்ளை ஸ்ரீவில்லிபுத்தூரில் செல்போன் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவார். அவர் பேசுவார், அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பால்கோவாக் கடைப் பையில் ஒரு கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்தார். வெளிநாடு போன சிநேகிதன் விட்டுப்போனதாம். டிவியில் மாட்டி விளையாடுகிற பெட்டி.

“காலேஜ்ல படிக்கும்போது இவளுக்கு இதுல கிறுக்கு மாமா,” என்றார். “ஓப்பன் வேர்ல்டு. எங்க வேணும்னாலும் போகலாம்.”

எங்கே போகலாம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. அவள் கையை நீட்டி, அதோடு வந்த பட்டன் வைத்த கைப்பிடியை வாங்கினாள். அவள் தானாகக் கை நீட்டி எதையாவது வாங்கி அதுவரை நாங்கள் பார்க்கவில்லை. என் மனைவி அடுப்படிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிற்பாடு அதே பெட்டிக்குப் பேய்ப் பெட்டி என்று பேர் வைத்தவளும் அவள்தான்.

கதை என்று பார்த்தால் ஒன்றுமில்லை. ராஜா செத்துப்போன ஒரு நாடு. வடக்கே ஒரு கோட்டையிலிருந்து கரும்பனி இறங்கி ஊர் ஊராக விழுங்கிக்கொண்டு வருகிறது. தடுக்க ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் நாம்தான். இந்தக் கதையை எழுத ஆயிரம் பேர் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள் என்று மாப்பிள்ளை சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கதையின் பின்னால் போக வேண்டும் என்ற கட்டாயம் அங்கே கிடையாது. தூரத்தில் ஒரு மலை தெரியும். “அங்க போக முடியுமா தாயி?” என்று கேட்டேன். போனாள். நடந்தே போனாள். ஆறு வந்தது, தாண்டினாள். காடு வந்தது, நுழைந்தாள். உச்சியில் ஏறி நின்று, கிளம்பிய ஊரைத் திரும்பிக் காட்டினாள். புகைபோக்கியிலிருந்து புகை வருவது வரைக்கும் தெரிந்தது. வாயைப் பிளந்துவிட்டேன்.

எங்கள் மொட்டைமாடியில் நின்றால் மேற்கே முழுக்க மலைதான். பிறந்த நாளிலிருந்து பார்க்கிறேன். நினைத்தபடி அதில் கால் வைக்க முடியாது. புலி இருக்கிறது, யானை இருக்கிறது, எல்லாவற்றுக்கும் முன்னால் வனத்துறைக்காரர் இருக்கிறார். பெண்பிள்ளையாக இருந்தால் மலை கிடக்கட்டும், பஸ் ஸ்டாண்டுக்குப் போவதற்கே எங்கே, எதற்கு, யாரோடு என்று தெரு முழுக்கக் கேள்வி. அந்த நாட்டில் என் மகள் தன்னந்தனியாக ஒரு குதிரையில் போனாள், மரத்தடியில் படுத்தாள், விடிந்ததும் எழுந்து அடுத்த ஊருக்குப் போனாள்.

“இங்க யாரும் எங்க போறன்னு கேக்கல, பாத்தியாப்பா,” என்றாள். கொஞ்சம் கழித்து, “வயித்தப் பாத்துட்டும் ஒண்ணும் கேக்கல,” என்றாள்.

மழையைச் செய்தவன் எவனோ, அவன் கைக்குத் தங்கக் காப்பு போடலாம். முதலில் காற்று மாறும், பிறகு புல் ஒரு பக்கமாகச் சாயும், அப்புறம் ஓட்டின் மேல் ஒவ்வொரு சொட்டாகத் தொடங்கிச் சடசடவென்று பிடிக்கும். ஒரு நாள் அந்தச் சத்தம் கேட்டு என் மனைவி மாடிக்கு ஓடிப் போய், காயப்போட்ட வத்தலையெல்லாம் வாரிக்கொண்டு வந்து நின்றாள். வெளியே பொசுக்குகிற வெயில். நான் சிரிக்க, மகளுக்கும் உதட்டோரம் கொஞ்சம் இளகியது. அந்தச் சிரிப்புக்காக மறுநாளும் ஓடியிருப்பாள் என் மனைவி; கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

குறை சொல்லப் போனால் பொழுது போதாது. வயலில் எப்போதும் கதிர் முற்றி நிற்கும். விதைக்கிறவனும் இல்லை, அறுக்கிறவனும் இல்லை. இடுப்பில் ஏழெட்டு வாள், கோணிக்கணக்கில் ஆட்டுத்தோல், முழு மானின் கறி எல்லாவற்றையும் சுமந்துகொண்டு ஓடலாம். அதற்கு மேல் ஒரு கோழி இறகைச் சேர்த்தால் கால் நகராது. ஒரு வீட்டில் ஆள் செத்துக் கிடக்கும். பக்கத்து வீட்டுக்காரி மறுநாளும் அதே கிணற்றடியில் நின்று, இன்றைக்கு நல்ல வெயில் என்பாள்.

“என்ன ஜென்மங்க இவளுக?” என்று கத்தினேன்.

“நம்ம தெருவுலயும் அப்பிடித்தானப்பா,” என்றாள் மகள். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இன்னொரு குறை. கரும்பனி வந்துவிட்டது, ஓடு, ஓடு என்று ஒரு தாடிக்காரர் தொண்டை கிழியக் கத்துவார். இவள் ஆற்றங்கரைக்குப் போய் மீன் பிடிப்பாள், மூலிகை பறிப்பாள், யாரோ தொலைத்த ஆட்டைத் தேடுவாள். எல்லாம் முடித்துத் திரும்பினால் பனி அதே இடத்தில் நிற்கும், தாடிக்காரர் அதே இடத்தில் கத்துவார். “ஆபத்துன்னா இப்பிடியா தாயி காத்துக்கிட்டுக் கெடக்கும்?” என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அன்று முழுக்க அவள் பேசவில்லை.

சித்திரை மாதத்தில் அவள் அந்த நாட்டின் துறைமுகத்து ஊருக்குப் போய்ச் சேர்ந்தாள். அங்கே அநாதைப் பிள்ளைகளை வைத்துப் பார்க்கிற விடுதி ஒன்று இருந்தது. ஒரு சின்னப் பெண் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தது. எண்ணெய் காணாத முடி, அளவில் பெரிய சட்டை. என் மகள் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. நமக்குச் சொந்தமாக ஒரு வீடும் அதற்குள் பிள்ளைக்கென்று ஒரு கட்டிலும் இருந்தால் கூட்டிப் போகலாம் என்று அங்கே சட்டம். வீடு வாங்கக் காசு சேர்ப்பதற்காக அவள் காடு காடாக அலைந்தாள். கடல் தெரிகிற வீடு. கட்டில் போட்டாள். போர்வை வாங்கினாள். பிறகு விடுதிக்குப் போனாள். சாவிக்கொத்தோடு நின்ற அம்மாள், நீ எப்படிப்பட்ட தாயாக இருப்பாய் என்று கேட்டாள். திரையில் நாலு பதில் வந்தது, ஒன்றை அமுக்க வேண்டும். என் மகள் கைப்பிடியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

“எத அமுக்குன?” என்று பிறகு கேட்டேன்.

“தெரியலன்னு ஒரு பதில் இருந்துச்சுப்பா. அத அமுக்குனேன். அதுக்கும் குடுத்துட்டாவ.”

அன்றிலிருந்து அவளுக்கு அந்த வீடுதான் ஊர். அந்தப் பிள்ளைக்குப் பேசத் தெரிந்தது மொத்தம் ரெண்டு மூன்று பேச்சு, அதுவும் இங்கிலீஷில். அது பேசினதும் என் மகள் அதையே மெல்ல நம் பேச்சில் தனக்குள் சொல்லிக்கொள்வாள். “யம்மா வந்துட்டியா? எனக்கு என்ன கொண்டாந்த?” இவள் மலைக்குப் போனால் ஒரு பூ, கடற்கரைக்குப் போனால் ஒரு சங்கு, சந்தைக்குப் போனால் ஒரு மரப்பொம்மை. பூதத்தோடு சண்டை போட்டுக் குற்றுயிராக வந்தாலும் மடியில் ஏதாவது இருக்கும். வெறுங்கையோடு அந்த வாசலை அவள் மிதித்ததே இல்லை.

“தலைய வாரிவிடேன்,” என்றேன் ஒருநாள். அந்தப் பரட்டைத் தலையைப் பார்க்கச் சகிக்கவில்லை.

“வார முடியாதுப்பா. முடி வளரவும் செய்யாது.”

“தூக்கவாவது செய்யலாம்லா?”

“அதுக்குப் பட்டன் இல்ல.”

ஆட்டைத் தூக்கித் தோளில் போடலாம். பாறாங்கல்லைத் தூக்கி எறியலாம். பிள்ளையைத் தூக்க வழி வைக்கவில்லை. அத்தனை பேர் உட்கார்ந்து ஒரு நாட்டையே கட்டினார்களே, ஒருத்தன் வீட்டிலாவது பிள்ளை இருந்திருக்காதா? அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அவளுக்கு அந்தக் கோபம் இல்லை. “வளராதுன்னா சாகவும் செய்யாதுல்லப்பா,” என்றாள்.

என் பயம் அப்போதுதான் ஆரம்பித்தது. கொல்லனைத் திட்டி அவளைப் பேச வைத்த நான், பேச்செல்லாம் அந்த ஊருக்குள்ளேயே இருப்பதைத் தாமதமாகத்தான் கவனித்தேன். சாப்பாடு பிடிக்கிறதா என்றால் பதில் இல்லை. வாசலுக்கு வருவதில்லை. ஆடி போய் ஆவணி வந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்த மாப்பிள்ளை ஷெட்டில் என்னைத் தனியாகப் பிடித்தார். “எப்ப கூட்டியாரன்னு அம்மா கேக்குதாவ மாமா. நான் என்ன சொல்ல? என் மூஞ்சியக்கூட அவ சரியாப் பாக்க மாட்டேங்கா. நாந்தான அந்தப் பெட்டியக் கொண்டாந்தேன்,” என்று சொல்லித் தறியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நல்ல மனிதர். அவர் வருவதும் ஒருநாள் நின்றுபோகும், என் மகள் தலை நரைக்கிறவரை வளராத பிள்ளைக்குச் சங்கு பொறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று எனக்குத் தோன்றியது.

அன்று சாயங்காலம் அவளிடம் போய், “வடக்க போ தாயி. அந்தக் கதைய முடி,” என்றேன்.

“முடிச்சா?”

“முடிச்சா முடிஞ்சுபோச்சு. எந்திரிச்சு அடுத்த வேலயப் பாக்கலாம்.”

“கரும்பனிக்குள்ள போனா திரும்பி வார வழி கெடையாதுப்பா. கடைசியில நம்ம ஆளு செத்துரும். பாப்பா அங்கன வாசலப் பாத்துக்கிட்டே நிக்கும்.” அவ்வளவு அமைதியாகச் சொன்னாள். “நான் போகல.”

தோள் துண்டை உதறிக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். தறிகள் ஓடும்போது ஒரு ஆள் உள்ளே நின்று வாய்விட்டு அழுதால் யாருக்கும் கேட்காது. அது எங்கள் தொழிலில் ஒரு சௌகரியம்.

பஞ்சுத் தூசி படியாத பொருள் எங்கள் வீட்டில் கிடையாது. சோற்றுப் பானை, சாமி படம், எங்கள் மூக்கு, எல்லாவற்றிலும் இருக்கும். புரட்டாசி வாக்கில் பெட்டி சூடேறி நடு நடுவே தானாக அணைந்துபோக ஆரம்பித்தது. அணைந்தால் மகள் கைவிசிறியை எடுத்து, காய்ச்சல்காரருக்கு வீசுவதுபோல் அதற்கு வீசுவாள். மாப்பிள்ளை திறந்து சுத்தம் செய்து தருகிறேன் என்றார். கடைக்குக் கொண்டுபோனால் எப்போது திரும்பி வருமோ என்று கொடுக்க மறுத்துவிட்டாள்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கம் தீபாவளியைக்கூட ஒரு எண்ணெய்க் குளியலோடு முடித்துக்கொள்வார்கள், ஆயுத பூஜையை விடமாட்டார்கள். ஊரில் உள்ள அத்தனை மிஷினும் அன்றைக்குக் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து உட்கார வைக்கப்படும். பூஜை போட்ட பிறகு தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமிக்குத்தான் திரும்ப ஓட்டுவது. எங்கள் ஷெட்டில் தறிகளைச் சுத்தம் செய்வது என் மனைவியின் பொறுப்பு. கம்ப்ரசரைப் போட்டு, காற்றுக் குழாயைப் பிடித்து அவள் அடித்தால் மூலையில் ஒரு இழை தங்காது. அந்த வேலையில் அவளை யாரும் குறை சொல்ல முடியாது.

தறிகளை முடித்துவிட்டு, தலையெல்லாம் பஞ்சோடு வீட்டுக்குள் வந்தாள். அரிவாள்மணை, கிரைண்டர், தையல் மிஷின் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தவள், மகள் முன்னால் வந்து நின்றாள்.

“அதையும் கொண்டா தாயி. அதுவும் இந்த வீட்டுல ஒழைக்குத மிஷினுதான். இன்னிக்கு ஒருநா அதுவும் செத்த ஓஞ்சு இருக்கட்டும்.”

பேய்ப் பெட்டி என்று வைதுகொண்டிருந்தவள் அப்படிச் சொன்னதும் மகள் நிமிர்ந்து தாயைப் பார்த்தாள். வெகுநாளைக்குப் பிறகு இரண்டு பேரும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டதை நான் பார்த்தேன். மகள் துறைமுகத்து வீட்டுக்குப் போய், பிள்ளை முன்னால் நின்று, “நாளைக்கு வாரேன்,” என்று திரையைப் பார்த்துச் சொன்னாள். பிறகு வயரைப் பிடுங்கிப் பெட்டியைத் தாய் கையில் கொடுத்தாள்.

என் மனைவி அதை முற்றத்துக்குக் கொண்டுபோய், தறிக்கு அடிக்கிற அதே காற்றை அதன் ஓட்டைகளுக்குள் வைத்து அடித்தாள். சாம்பல் நிறத்தில் பஞ்சு கொத்துக் கொத்தாக வெளியே வந்து பறந்தது. “எம்புட்டு அடைச்சிருக்கு பாருங்க. பாவம், மூச்சு முட்டியிருக்கும்,” என்றாள். கம்ப்ரசர் டேங்குக்குள் மழை நாளில் தண்ணீர் கோர்க்கும். அடியில் உள்ள திருகைத் திறந்து வடித்துவிட்டு அடிப்பதுதான் முறை. தறிக்கு அடிக்கும்போது யாரும் அதைப் பார்ப்பதில்லை. இரும்பில் ரெண்டு சொட்டுத் தண்ணீர் பட்டால் என்ன ஆகிவிடும்? ஆசையாக, நிதானமாக, நாலு பக்கமும் அடித்தாள். ஈரத் துணியால் மேலே துடைத்தாள். மூன்று விரலால் சந்தனம் இழுத்து, நடுவில் குங்குமம் வைத்து, தையல் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள். மகள் அதற்கு முன்னால் ஒரு பிடி பொரியை அள்ளி வைத்தாள்.

விஜயதசமிக் காலையில் சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, தறிகளை ஒவ்வொன்றாக ஓட்டிவிட்டோம். எல்லாம் ஓடியது. மகள் பெட்டியை டிவியில் மாட்டி அமுக்கினாள். விளக்கு எரியவில்லை. வயரை மாற்றி அமுக்கினாள். கைவிசிறியை எடுத்து வீசிவிட்டு அமுக்கினாள். என் மனைவி வாசற்படியில் நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “காத்துதான அடிச்சேன்,” என்றாள் என்னிடம். “சுத்தமாத்தான அடிச்சேன்.”

போன் போட்டதும் மாப்பிள்ளை கடையைச் சாத்திவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்தார். தரையில் உட்கார்ந்து, சின்னத் திருப்புளியால் ஒவ்வொரு திருகாகக் கழற்றினார். உள்ளே பச்சைப் பலகை முழுக்க ஈரம் காய்ந்த தடம். ஒரு இடத்தில் கருகியிருந்தது. அவர் நிமிராமலே சொன்னார், “தண்ணி பட்டு ஷார்ட் ஆயிருக்கு மாமா.”

“உள்ள இருந்தது?” என்று மகள் கேட்டாள்.

“எல்லாம் இதுலதான் இருந்துச்சு. வேற எங்கயும் காப்பி இல்ல.” அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். “வேற பெட்டி வாங்கிருவோம். மொதல்லருந்து ஆரம்பிச்சுக்கிடலாம்.”

அந்த வருடம் முழுக்க வந்தவர் போனவர் எல்லாரும், சின்ன வயசுதான, பொறவு இன்னொன்று பெற்றுக்கொள்ளலாம் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளைக்குச் சொன்ன பிறகுதான் தன் வார்த்தை உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டார். என் மனைவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

மகள் கத்துவாள், உடைப்பாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் பெட்டியின் மேல்மூடியைக் கையிலெடுத்து, காய்ந்த சந்தனத்தை விரலால் சுரண்டித் துடைத்தாள். பிறகு என்னையும் மாப்பிள்ளையையும் பார்த்து, “பாப்பாவ எங்க வச்சீங்க?” என்று கேட்டாள்.

அந்த விளையாட்டுப் பிள்ளையைச் சொல்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். மாப்பிள்ளையின் கையிலிருந்து திருப்புளி கீழே விழுந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. ஒரு வருடம் அவள் கேட்கவில்லை, நாங்கள் சொல்லவில்லை.

“மேக்க. ஓடக்கரையில,” என்றேன்.

“கூட்டிட்டுப் போங்க.”

“பொம்பளைக அங்க போகக்கூடாது தாயி,” என்றாள் என் மனைவி, அழுகையினூடே.

மகள் திறந்து கிடந்த பெட்டியைக் காட்டினாள். “அங்க நான் எங்க வேணும்னாலும் போனேன்மா.” அவள் குரலில் கோபம் இல்லை. என் மனைவி எழுந்து போய், பத்து மாதத்துக்கு மேல் மூலையில் கிடந்த மகளின் செருப்பைத் தூசி தட்டிக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள்.

மாப்பிள்ளை வண்டியில் அவள் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். நான் என் வண்டியில் முன்னால் போனேன். தெருவில் எங்கே, எதற்கு என்று கேட்டவர்களுக்கு நான் பதில் சொல்லவில்லை. தார் ரோடு முடிகிற இடத்தில் வண்டிகளை நிறுத்திவிட்டு நடந்தோம். நடக்கும்போது என் பக்கத்தில் வந்து, “முடி இருந்துச்சாப்பா?” என்று கேட்டாள்.

“நெறைய இருந்துச்சு தாயி. நெத்தி வரைக்கும் இருந்துச்சு.”

மாப்பிள்ளை எங்களுக்கு முன்னால் வேகமாக நடந்து போய்விட்டார்.

ஓடைக்கரை நான் விட்டுவிட்டு வந்த மாதிரி இல்லை. போன ஐப்பசி மழையில் தண்ணீர் கரையை அறுத்துக்கொண்டு போயிருந்தது. அதன் பிறகு யாரோ ஜேசிபி வைத்துச் சீமைக்கருவேலையைத் தூரோடு வாரி மண்ணைக் குவித்துப் போட்டிருந்தார்கள். நான் குழி வெட்டும்போது வலது பக்கம் ஒரு வேம்பு நின்றது. இப்போது வேம்பு இல்லை. மரம் நின்ற பள்ளம்கூட இல்லை. சுற்றிப் பார்த்தேன். ஒரு மண்மேட்டின் ஓரத்தைக் காட்டி, “இங்கனதான்,” என்றேன்.

அதே சமயத்தில் மாப்பிள்ளை இருபது முப்பது காலடி தள்ளி நின்று கையைக் காட்டினார். “இல்ல மாமா. அந்தா, பாறைக்கு அங்கிட்டு. அன்னைக்கு வெயில் நம்ம மொகத்துல அடிச்சுச்சு.”

“மொகத்துல இல்ல மாப்ள, முதுகுல.”

“வரும்போது முதுகுல. போகும்போது மொகத்துல.”

அவர் என் பக்கம் வந்தார். நான் அவர் பக்கம் போனேன். ரெண்டு பேரும் ரெண்டு இடத்தையும் பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் அவருக்கும் சந்தேகம் வந்துவிட்டது, எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. இரண்டு பேருமே பெரியவர்கள் சொல்லை மதித்தவர்கள். ஒரு கல்கூட வைக்கவில்லை. ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த விளையாட்டில் ஒருமுறை கால் வைத்த இடம் வரைபடத்தில் புள்ளியாக நின்றுவிடும். ஆட்டுப்பட்டி, பாழும் கிணறு, ஒரு மழைக்கு ஒதுங்கிய குகை, எதுவும் அழியாது. எப்போது வேண்டுமானாலும் அந்தப் புள்ளியைத் தொட்டுத் திரும்பிப் போகலாம். அத்தனை மாதம் அதன் முன்னால் உட்கார்ந்து குறை சொன்ன நான் அதை ஒரு பெரிய விஷயமாக நினைத்ததே இல்லை. அந்த மண்மேட்டில் நின்றபோதுதான் நினைத்துக்கொண்டேன்.

“தாயி, எங்களுக்கு…” என்று ஆரம்பித்தேன். மாப்பிள்ளை மண்ணில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

அவள் எங்களைக் கோபித்துக்கொள்ளவில்லை. நான் காட்டிய இடத்துக்கும் அவர் காட்டிய இடத்துக்கும் நடுவில் போய் நின்றாள். மேற்கே மலையைப் பார்த்தாள். பிறகு கீழே மண்ணை, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பார்த்தாள். குனிந்து தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள்.

“யப்பா,” என்றாள், “நான் ஒண்ணும் கொண்டாரலையே.”